புடுங்கறது வைத்தியம், கட்டறது அலங்காரம்

யாராவது "பாக்கலாம்" என்று சொன்னால் நாம் எழுந்து வந்துவிடுவோம். இல்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்ல மனசில்லாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பார்.

"எப்பங்க பாக்கலாம்?"

அவர் கண்டக்டர். நான் டிரைவர். தருமபுரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. இண்டூர், பென்னாகரம் வழியாக ஏரியூர் வரைக்கும் எங்கள் வண்டி. அறுபதுகளின் கடைசியில் ஒரே வண்டியில் சில வருசம் இருந்தோம். என்னைவிட மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

ஒல்லி. காதில் பென்சில். பையில் விசில். வண்டி நின்றால் இறங்கி ஒரு சுற்று வருவார். டயரைத் தட்டுவார். அது என் வேலை. கூரைமேல் மூட்டைக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அது கிளீனர் வேலை. டீ வாங்கினால் ஆறுவதற்குள் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். கண்ணாடியில் பார்த்தால் வண்டிக்குள் ஓர் இடத்தில் இருக்க மாட்டார். முன் படியில் தெரிவார். நான் கியர் மாற்றிவிட்டுப் பார்த்தால் பின் படியில் தெரிவார்.

பென்னாகரம் தாண்டி ஒரு புளியமரம். கிளை ஒன்று ரோட்டின்மேல் இறங்கிவிட்டது. கூரையில் மூட்டை இருந்தால் இடிக்கும். நான் ஓரம் ஒடித்துப் போய்க்கொண்டிருந்தேன். அவர் ரோடு ஆபீசில் போய்ச் சொன்னார். பாக்கலாம் என்றார்கள். ரோடு இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியில்தான் வேலைக்கு வருவார். அவர் ஏறி உட்காருவதற்குள் இவர் போய் நிற்பார்.

"கெளைய எப்பங்க வெட்டறாங்க?"

"எழுதிப் போட்டிருக்குதுப்பா."

"எழுதுனது தெரியுமுங்க. வெட்டறது எப்ப?"

கொஞ்ச நாளில் இன்ஸ்பெக்டர் எங்களை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு மாறினார். அந்த வண்டிக் கண்டக்டரிடம் இவர் சொல்லி வைத்தார். அவரும் கேட்டார். கிளையை வெட்டினார்கள். வெட்டின அன்று இவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பக்கத்துக் கெளையும் அடுத்த வருசம் எறங்கும் தம்பி" என்றார்.

என் கல்யாணமும் அப்படித்தான். பெண் வீடு ஏரியூர்ப் பக்கம். பெண்ணைப் பெற்றவர் பாக்கலாம் என்றார். நான் விட்டுவிட்டேன். இவர் விடவில்லை. அந்த ஊர் ஸ்டாப்பில் ஏற ஆள் இல்லாவிட்டாலும் விசில் கொடுத்து நிறுத்துவார். ரோட்டோரக் காட்டில் அவர் புல் அறுத்துக்கொண்டிருப்பார். இவர் படியில் தொங்கிக்கொண்டு கேட்பார்.

"பெரியவரே, பாத்துட்டீங்களா?"

வண்டியே சிரிக்கும். நான் ரோட்டைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு நாள் அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"கூட்டிக்கிட்டுத் தொலைங்கடா. பஸ் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிய வேண்டியிருக்குது" என்றார்.

என் பெண்டாட்டி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கண்டக்டருக்குப் பாதி ஆகாது. ஒரு தடவை ரேஷனில் சீமெண்ணெய் பாதிதான் இருக்கிறது, மீதியை அப்புறம் பாக்கலாம் என்றார்கள். அந்தப் பாதியை வாங்காமல் வெறும் டின்னோடு வந்துவிட்டார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். முழுசாகத்தான் வாங்கினார். நான் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சொன்னார்:

"அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நாங்க இருட்டுல இருந்தோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூட இருக்கிறவர்களுக்கு அவரால் நன்மையும் உண்டு, அலைச்சலும் உண்டு.

ஒரு பொங்கலுக்கு முதலாளி வைத்திய பண்டு ஆரம்பித்தார். மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். கம்பெனியும் அதே அளவு போடும். தொழிலாளி, பெண்டாட்டி, பிள்ளைகள், கூட இருக்கிற அப்பா அம்மா, யாருக்கு நோய் வந்தாலும் பண்டு கொடுக்கும். ஜுரம், பிரசவம், ஆபரேஷன், கை கால் முறிவு. பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. பல்லுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வலித்தால் கிராம்பு. ஆடினால் நூல். மீறிப் போனால் சந்தையில் ஒருவர் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கண்டக்டரின் அம்மாவுக்கு வாய் கெட்டுப் போயிருந்தது.

அவர்கள் கிறிஸ்தவர்கள். இண்டூருக்கு முன்னால் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஊர். நடுவில் கோயில், சுற்றிலும் வீடுகள், அதற்கப்புறம் கேழ்வரகுக் காடு. அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். அம்மா காட்டு வேலை செய்து வளர்த்தார். நான் அவரை ஆயா என்று கூப்பிடுவேன்.

"சௌக்கியமா ஆயா?"

"சர்வேசுரன் புண்ணியத்துல ஒரு கொறையுமில்ல கண்ணு."

கன்னம் வீங்கி ஒரு கண் சின்னதாகியிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வார். எப்போது கேட்டாலும் அதேதான்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் நின்று செபம் சொல்லிப் போவார்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துக் கொடுப்பவர் ஆயா. வாழ வந்த வருசத்திலிருந்து அவர்தான். எழுத்துத் தெரியாது. எல்லாம் மனப்பாடம். கிணற்று மேட்டில் நின்றால் கேட்கும் என்பார்கள், அப்படி ஒரு குரல்.

வாய் கெட்ட பிறகு நிறுத்திவிட்டார். வாயை அகலத் திறந்தால் வலி. பக்கத்தில் நிற்பவர்கள் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பினார்கள். அவரே போய்க் கடைசித் தூண் ஓரம் நின்றுகொண்டார். வேறொரு பெண் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

இதைக் கண்டக்டர் ஏரியூரில் வண்டி நிற்கும்போது சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார்.

"எங்கம்மா கடசீல நிக்குது தம்பி. மூஞ்ச மூடிக்கிட்டு நிக்குது."

அவர் போய் டயரைத் தட்டினார்.

லீவு போட்டு அம்மாவைச் சேலத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். மிச்சம் இருக்கிற எல்லாமே சொத்தை, ஈறில் சீழ், அத்தனையும் பிடுங்க வேண்டும், புண் ஆறின பிறகு பல் செட் கட்டலாம் என்றார் அந்த டாக்டர். இரண்டுக்கும் ஆகிற செலவு எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. இவர் பண்டுக்கு வந்தார்.

டிரிப் முடிந்து வசூல் கட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. உள்ளே மேனேஜர். தருமபுரிக்காரர்தான். கெட்டவர் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

"பல்லு நோவெல்லாம் ஒரு நோவாய்யா? எனக்குந்தான் கடவாய்ல ரெண்டு போச்சு. நான் யாருகிட்டக் கேட்டேன்?"

"நீங்க கேக்காதது என் தப்பாங்க?"

"பண்டு ஒடம்புக்குத்தான்யா."

"பல்லு வாய்ல இருக்குது. வாய் ஒடம்புல இருக்குது. வேற எங்கங்க இருக்குது?"

"செரி, பாக்கலாம்."

"எப்பங்க?"

மேனேஜர் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் திறந்துதானே ஆக வேண்டும். மறுநாளும் இவர் நின்றார். பின்னால் மற்ற கண்டக்டர்கள் பையோடு நிற்பார்கள். "சீக்கிரம் முடிண்ணா, வூட்டுக்குப் போவணும்" என்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பணத்தை நீட்டும்போதே "அண்ணன் பல்லு என்னாச்சுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார்கள்.

கடைசியில் மேனேஜர் முதலாளியிடம் கேட்டு வந்து சொன்னார்.

"புடுங்கறது வைத்தியம். அது பண்டுல வரும். கட்டறது அலங்காரம். அது வராது."

"அலங்காரமா? எங்கம்மாவுக்கா?"

"மூக்குத்தி மாதிரிதான்யா. போட்டா நல்லாருக்கும். போடாட்டி உசுரா போயிடும்?"

"எல்லாத்தையும் புடுங்கிட்டு வெறும் வாயோட அனுப்புவீங்களா?"

"புடுங்கறதுக்கு இப்பவே கையெழுத்துப் போடறேன். வாங்கிக்க. கட்டறத அப்பறம் பாக்கலாம்."

"ரெண்டையும் சேத்துப் போடுங்க. வாங்கிக்கறேன்."

வெறுங்கையோடு வெளியே வந்தார். நான் கேட்டேன்:

"மொதல்ல புடுங்கிடலாமேண்ணா. வலியாச்சும் நிக்கும்."

"புடுங்கிட்டா அப்பறம் எவன் கட்டிக் குடுப்பான்? நோவு இருக்கற வரைக்குந்தான் நாம கேக்க முடியும் தம்பி."

"ஆயா என்ன சொல்றாங்க?"

"அதுக்கென்ன. ஒண்ணுமில்லங்குது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

பிறகு முதலாளியையே பிடித்தார். முதலாளி கார் ஷெட்டுக்குள் நுழைந்தால் கதவைத் திறப்பது இவர்தான். முதலாளி நிதானமானவர். கத்த மாட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். கம்பெனி டாக்டர் வந்து அம்மாவைப் பார்க்கட்டும். பல் செட் இல்லாமல் அவரால் சாப்பிட முடியாது என்று டாக்டர் சொன்னால் கட்டுவதையும் பண்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

தபசுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. டாக்டர் வரச் சொன்ன அன்று எங்கள் முதல் டிரிப்பில்தான் ஆயா தருமபுரிக்கு வந்தார். திருநாளைக்குக் கட்டுகிற புடவை. தலையில் எண்ணெய் மினுங்கியது. வண்டியில் ஏறியதிலிருந்து இவர் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்து வந்து சொன்னார்.

"என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லும்மா. கூட்டியும் வேணாம், கொறச்சும் வேணாம்."

"செரிடா."

"வலிக்குதுன்னு சொல்லணும். திங்க முடியலன்னு சொல்லணும்."

"செரிங்கறேனில்ல. போயி டிக்கெட்டப் போடு."

ஆபீஸ் அறையில் முதலாளி, மேனேஜர், டாக்டர். கதவோரம் நாங்கள் நாலைந்து பேர். டாக்டர் தன்மையான மனுஷர். உட்காரச் சொன்னார். ஆயா உட்காரவில்லை. முதலாளி எதிரே உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா சாப்பிடறீங்க?"

"களிதாங்கய்யா."

"மெல்ல முடியுதா?"

ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானைக்குள் சிரித்தார்.

"களிய யாருங்கய்யா மெல்லுவாங்க? உருட்டிக் கொழம்புல தொட்டு முழுங்கறதுதான்."

மேனேஜரும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் களியை மென்று தின்கிற பிள்ளையைத் திட்டுவோம். பல் படாமல் தொண்டையில் இறங்க வேண்டும். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"வயிறு நெறையுதா?"

"நல்லா நெறையுதுங்கய்யா. எம்மவன் ஒரு கொறையும் வெக்கல."

"வலி இருக்கா?"

ஆயா மகனைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கதவில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அம்மா, உள்ளதச் சொல்லுன்னு சொன்னேன்ல" என்றார் கண்டக்டர்.

"உள்ளதத்தான் சொல்றேன். நீ சும்மா இரு."

டாக்டர் முதலாளியிடம் சொன்னார். சீழ் நிறைய இருக்கிறது, சீக்கிரம் பிடுங்கிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பல் செட் அவசியம் என்று எழுத வழியில்லை. முதலாளி இவரைப் பார்த்தார். திட்டவில்லை. "கேட்டியில்லப்பா" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவர் முன்னால் நடந்தார். அப்புறம் திரும்பி நின்றார்.

"ஏம்மா இப்டிப் பண்ண?"

"சோறு போடற எடம்டா அது. அத்தன பேரு முன்னாடி எனக்குத் திங்க முடியலன்னு சொன்னா உன்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"பல்லப் பத்தித்தானம்மா கேட்டாங்க."

"எதக் கேட்டாலும் உன்னத்தான் கேக்கறாங்க."

என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பெரிய மனுஷன் நலம் விசாரித்தால் நல்லா இருக்கிறேன் என்பதுதான் மரியாதை. எங்கள் வீடுகளில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "டாக்டரே சொல்லிட்டாரு. புடுங்கறதுக்குப் போட்டுத் தரேன், வாங்கிக்கய்யா. நானே சொல்றேன், வாங்கிக்க." அவர் குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"ரெண்டும்" என்றார் இவர்.

தபசு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாயங்கால டிரிப்பை வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். சனிக்கிழமை காலை வந்து ஏறும்போது முகம் கறுத்திருக்கும். நான் கேட்பதில்லை. பயணிகளிடம் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் விசில் கொடுத்துவிடுவார். நான் கண்ணாடியில் பார்த்து, ஏறின பிறகுதான் எடுப்பேன். ஒரு நாள் ஊர் விலக்கில் ஆயா நின்றிருந்தார். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. மகனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்திருந்தார். கையை நீட்டிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை.

தபசு முடிந்தது. ஈஸ்டர் போனது. வெயில் போய் மழை வந்தது. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மேனேஜர் பாக்கலாம் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். இவரைக் கண்டால் கையை மட்டும் விரிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. பஸ் ஷெட்டில் அதுதான் பெரிய நாள். வண்டிகளைக் கழுவி, வாழை கட்டி, சந்தனம் வைத்து வரிசையாக நிறுத்துவோம். எல்லோர் வீட்டிலிருந்தும் வருவார்கள். ஆயாவும் வருவார். கும்பிட மாட்டார். பொரி வாங்கிக்கொள்வார். அன்றைக்குப் பொரி கொடுத்தது கண்டக்டர்தான். பொட்டுக்கடலையும் தேங்காய்ச் சில்லும் வெல்லமும் போட்ட பொரி. கொடுத்துக்கொண்டே போனவர் சுவரோரம் பெஞ்சில் வரிசையாக இருந்த வயசானவர்களைப் பார்த்து நின்றார். அவர்கள் பொரியை மட்டும் வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காயைத் தனியாகப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் பேரப் பிள்ளைகளுக்கு என்றுதான் சொல்வார்கள்.

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் போனார்.

"ஒரு நிமிசம் வாங்க மொதலாளி."

"என்னப்பா, இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தாங்க எல்லாரும் இருக்காங்க."

என்ன நினைத்தாரோ, முதலாளி கூடவே வந்தார். கண்டக்டர் பெஞ்சுக்கு முன்னால் நின்று சொன்னார்:

"யாரும் ஒண்ணும் பேச வேணாம். வாய மட்டும் ஆன்னு காட்டுங்க."

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டுகிற மாதிரி அத்தனை பேரும் திறந்தார்கள். ஒரு டிரைவரின் அப்பா. ஒரு மெக்கானிக்கின் அம்மா. கண்டக்டரின் அம்மா. என் அம்மாவும் இருந்தார். மேலே ரெண்டு பல், கறுப்பாக. கீழே ஈறு கிழிந்து வெந்த மாதிரி இருந்தது. தினமும் அவர் கையால் சாப்பிட்டேன். நான் பார்த்ததில்லை.

முதலாளி இரண்டு மூன்று பேரைக் குனிந்து பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

"போதும்பா. மூடச் சொல்லு."

அதுவரைக்கும் திறந்துகொண்டே இருந்தார்கள்.

"கட்டறதயும் சேத்துக்கய்யா" என்றார் முதலாளி.

"எல்லாருக்குமாங்க?" என்றார் மேனேஜர்.

"வாய் இருக்கறவங்களுக்கெல்லாம்."

"எப்பலேருந்துங்க?" என்றார் கண்டக்டர்.

முதலாளி சிரித்துவிட்டார். "ஆயுத பூஜைக்கு ஆபீசு தொறக்கக் கூடாது. நாளைக்கு வரலாமா? உத்தரவு உண்டா?"

அன்றைக்கு ஷெட்டில் எல்லோரும் இவர் முதுகில் தட்டினார்கள். ஆயா, "பெரிய மனுசங்ககிட்ட இப்டியா பேசறது" என்று திட்டினார்.

சேலத்துக்குப் பல தடவை போய் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்கினார்கள். வீக்கம் வடிந்தது. ஆயாவின் இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். புண் ஆறுவதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. எப்ப அளவெடுப்பீங்க, எப்ப செட்டு வரும் என்று பல் டாக்டரையும் விடவில்லை. தபசு பிறப்பதற்குள் வர வேண்டும் என்று நின்றார். வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிட்டார். சாயங்கால டிரிப்பை இரண்டு பேருமே மாற்றிக்கொண்டோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றேன். இவர் என் பக்கத்தில். ஆயா கடைசித் தூணை விட்டு முன்னால் போய் நின்றார். சாமியார் திரும்பிப் பார்த்து, "நீங்களே எடுத்துக் குடுங்கம்மா" என்றார்.

முதல் படத்துக்குச் செபம் முடிந்தது. ஆயா எடுத்தார். பல் செட் டக் டக் என்று தட்டியது. ஒரு வார்த்தை காற்றாகப் போனது. அடுத்த வார்த்தை சிக்கிக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆயா நிறுத்தினார். இவர் என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

ஆயா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். திரும்பினார். கன்னம் உள்ளே போயிருந்தது. வலது கை மூடியிருந்தது. மறுபடி எடுத்தார்.

குரல் வந்தது. எழுத்துகள் கொஞ்சம் குழைந்தன. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நான் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. எங்கள் சாமியும் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றேன். கூட்டம் சேர்ந்து பாடியது. படம் படமாகப் போனார்கள். ஒரு படத்துக்கும் வேறு ஆள் எடுக்கவில்லை.

இவர் என் கையை எப்போதோ விட்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூடின கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து கூட்டம் வெளியே வந்தது. இவர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பல்லு எங்கம்மா?"

ஆயா கையை விரித்தார். "பாடறப்பக் குறுக்க வருதுடா. வூட்டுல திங்கறப்பப் போட்டுக்கறேன்."

இவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"அப்ப, போன தபசுக்கு முன்னாடியே புடுங்கிட்டிருந்தா? செட்டு இல்லாமலே பாடியிருப்பியா?"

ஆயா என்னைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"பாடியிருப்பேன்."

அத்தோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"வலிச்சுதுடா. அந்த வருசம் பூரா வலிச்சுது. தலகாணில கன்னத்த வெக்க முடியாது. ஒக்காந்துக்கிட்டே இருப்பேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா."

"நீ எனக்காவ ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்ச. நடுவுல வந்து நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தெரிந்த பெண்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் கோயில் வாசலிலேயே நின்றார். கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகும் இரண்டு வருசம் ஒரே வண்டியில் ஓடினோம். மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். டீயால் நாக்கைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் எங்கள் கிளீனர் வந்து நின்றான். அவன் அப்பாவுக்குப் பல் தகராறு. பண்டு கணக்கு முடிகிற நேரம், புடுங்கறதையும் கட்டறதையும் சேர்த்து அடுத்த மாசம் போட்டுத் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னாராம். அதுவரைக்கும் பொறுக்கலாமா என்று கேட்டான்.

"ஒங்கப்பனுக்கு வலிக்குதாடா?"

"கேட்டேண்ணா. ஒண்ணுமில்லங்கறாரு."

கண்டக்டர் மேனேஜரிடம் போகவில்லை. வண்டி பென்னாகரத்தில் நின்றதும் என்னைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். கிளீனரின் அப்பா அங்கே ஒரு விறகுக் கடையில் காவலுக்கு இருந்தார். நான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே பார்த்தேன்.

"சௌக்கியங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒரு கொறையுமில்லப்பா" என்றார் பெரியவர்.

வண்டியில் ஆட்கள் சத்தம் போட்டார்கள். நேரமாகிறது என்றார்கள். கண்டக்டர் திரும்பவில்லை.

"எந்தப் பக்கங்க?" என்றார்.

பெரியவர் கை மெதுவாக இடது கன்னத்துக்குப் போனது.